சிமெண்ட்டில் மெழுகிய களம்

சித்தப்பாவின் யோசனைகள் எல்லாமே நல்லெண்ணத்தில் பிறந்தவை. அதனால்தான் அவற்றைத் தடுக்க எங்கள் வீட்டில் ஆள் கிடைத்ததில்லை.

அக்கா பத்தாவது படித்த வருஷம். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் அதோடு முடிந்துவிடும். பெண்ணைத் தினமும் காஞ்சிபுரத்துக்கு பஸ்ஸில் அனுப்ப அப்பாவுக்கு மனமில்லை. அக்கா டென்னிகாய்ட் ஆடுவாள். வலைக்கு மேலே வீசுகிற ரப்பர் வளையத்தை எதிரே இருப்பவள் தரையில் விழாமல் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். டவுன் பள்ளிக்கூடத்துப் போட்டியில் ஜெயித்தால் அங்கேயே ஹாஸ்டலில் சேர்த்துக்கொள்வார்கள் என்று டிரில் டீச்சர் சொல்லியிருந்தார். ஜெயித்தால் அனுப்புகிறேன் என்று அப்பாவும் ஒப்புக்கொண்டார். ஜெயிக்கமாட்டாள் என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம்.

எங்கள் ஊர்ப் பள்ளி மைதானம் ஒரே சரளை. அதனால் அக்கா பழகியது எங்கள் நெல் களத்தில். களிமண்ணைக் கெட்டிப்படுத்திச் சாணி மெழுகிய தரை. நாலடி ஓடி, குதிகாலை ஊன்றிச் சறுக்கிக்கொண்டே போய் வளையத்தைப் பிடிப்பாள். எனக்கு அவளைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும்.

போட்டிக்கு ஒரு வாரம் முன்பு டீச்சரோடு போய் டவுன் பள்ளிக்கூடத்துச் சிமெண்ட் தரையில் ஆடிப் பார்த்துவிட்டு முழங்கால் சிராய்ப்போடு வந்தாள்.

"சிமெண்ட்ல கால் ஒட்டிக்கினு நின்னுடுது சித்தப்பா. சறுக்கவே வரல."

சித்தப்பா பதில் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் பயப்பட வேண்டும். அன்று யாரும் கவனிக்கவில்லை.

போட்டியன்று சித்தப்பா காலிக் கூடையோடு முதல் பஸ்ஸிலேயே போய்விட்டார். காஞ்சிபுரத்தில் சாணிக்கா பஞ்சம்? நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆடுமிடம் முழுக்கப் பச்சையாக மெழுகியிருந்தது. எல்லைக் கோடுகள் கோலமாவில். ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லிச் செய்தது என்று பியூன் நினைத்தார், பியூன் தானாகச் செய்தது என்று ஹெட்மிஸ்ட்ரஸ் நினைத்தார். மெழுகிக் கோலம் போட்ட இடத்தைப் பார்த்து ஏன் என்று கேட்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. பரிசு கொடுக்க வந்தவருக்கு ரொம்பத் திருப்தி.

ஆட்டம் தொடங்குவதற்குள் வெயில் ஏறிவிட்டது. களிமண் சாணியைப் பிடித்துக்கொள்ளும். சிமெண்ட் பிடிக்காது. காய்ந்து பொருக்காக நின்றது. கேன்வாஸ் ஷூ போட்ட டவுன் பெண் சாணியை மிதிக்கக் கூசி, நின்ற இடத்தை விட்டு அதிகம் நகராமல் பொடியடி வைத்து ஆடினாள். அக்கா நம் களமென்று நம்பி ஓடிச் சறுக்கினாள். பொருக்கு மொத்தமாகப் பெயர்ந்து வந்தது. விழுந்தாள். எழுந்து ஆடி மறுபடியும் விழுந்தாள். தோற்றுப்போனாள்.

திரும்பும் பஸ்ஸில் அவள் சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிர் சீட்டில் நான். அவர் இரண்டு கைகளையும் துண்டுக்குள் வைத்திருந்தார். அக்கா ஒரு கையை வெளியே இழுத்து முகர்ந்து பார்த்தாள்.

"சிமெண்ட்ல சாணி நிக்காது சித்தப்பா" என்றாள்.

கோபமாகச் சொன்ன மாதிரி இல்லை. அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அவர் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். ஊர் வந்து சேரும்வரை சித்தப்பாவின் தோள் குலுங்கிக்கொண்டே வந்தது. ரோடு மோசம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வருஷம்தான் புதிதாகத் தார் போட்ட ரோடு அது.