கருவேலம்பட்டிக் கூடுகள்

"உங்க கையெழுத்து அச்சு மாதிரி இருக்குமாமே டீச்சர். சீதா சொன்னா."

"ஏதோ எழுதுவேன் சார்."

"இங்கிலீஷுமா?"

"ரெண்டும்."

"எத்தனை பக்கம் எழுதினா கை வலிக்கும்?"

"எண்ணினதில்லை."

"எண்ணி வச்சிருக்கலாம்" என்றார் சௌரிராஜன். குறை சொல்லும் குரல் இல்லை. கிடைத்திருக்க வேண்டிய ஒரு விவரம் கிடைக்காமல் போன வருத்தம்தான்.

காப்பியுடன் வந்த சீதாலட்சுமி, "எங்க அண்ணன் தட்டுல விழுற இட்லிய எண்ணமாட்டாரு. ஊரான் கண்மாய்ல நாரை கட்டுற கூட்டை எண்ணுவாரு" என்றாள்.

"எண்ணி?" என்று கேட்டாள் சூடாமணி.

"ஆராய்ச்சியா எழுதிப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தா மேல்பட்டம் கிடைக்கும்" என்றார் சௌரிராஜன்.

"நாரைக்கா?" என்றாள் சீதாலட்சுமி.

"எனக்கு" என்றார் அவர், சிரிக்காமல். "இருநூத்துப் பத்துப் பக்கம் டீச்சர். மாசிக் கடைசிக்குள்ள நல்ல பிரதி வேணும்."

சூடாமணி சம்மதித்தாள். மறுப்பதென்றால் இன்னும் நிறையப் பேச வேண்டியிருக்கும்.

இது நடந்தது 1936 மார்கழியில், மதுரைச் செல்லூரில், பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்த கூடத்தில். சூடாமணியும் சீதாலட்சுமியும் ஒரே பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியைகள். சீதாலட்சுமியின் அண்ணன் சௌரிராஜன் உயர்நிலைப் பள்ளியில் சயின்ஸ் வாத்தியார். பட்டு நூலுக்குச் சாயம் போடும் குடும்பத்தில் பிறந்து, முப்பத்தொரு வயதாகியும் சாயத் தொட்டிப் பக்கம் போகாதவர். கல்யாணத்தைப் பற்றிக் கேட்டவர்களிடம் "தீசிஸ் முடியட்டும்" என்பார். கேட்டவர்கள் அது ஏதோ நாள்பட்ட வியாதி என்று நினைத்து, மேற்கொண்டு கேட்காமல் போய்விடுவார்கள்.

தீசிஸ் முடிவதை நம்பி ஓர் உத்தியோகமும் காத்திருந்தது. நகரத்துக் கல்லூரி ஒன்றில் ஜூன் மாதம் விலங்கியலுக்கு ஒரு லெக்சரர் தேவைப்பட்டது. மாசிக்குள் ஆராய்ச்சியைச் சமர்ப்பித்தால் அந்த இடம் உமக்குத்தான் என்று முதல்வரே சொல்லியிருந்தார்.

ஆராய்ச்சி, ஒத்தக்கடையிலிருந்து இரண்டு மைல் உள்ளே போனால் வரும் கருவேலம்பட்டிக் கண்மாயைப் பற்றியது. ஐப்பசியில் கண்மாய் நிறைந்ததும், தண்ணீரில் நிற்கும் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் வந்து கூடு கட்டும். தண்ணீர் ஏறி இறங்குவதற்கும் கூடுகள் கூடிக் குறைவதற்கும் என்ன உறவு என்பதே கேள்வி. அதற்கு வாரம் தவறாமல் கூடுகளை எண்ண வேண்டும்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. சௌரிராஜனுக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடி போட்டாலும், தூரத்து மரத்தில் இருப்பது நாரையா, காயப்போட்ட வேட்டியா என்று சற்று யோசிப்பார். இதை அவர் மறைக்கவில்லை. முன்னுரையிலேயே எழுதியிருந்தார். தன் கண்ணை நம்பாமல், கருவேலம்பட்டிப் பள்ளிக்கூடத்து நாலாம் வகுப்பில் ஐந்து பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார். சனிக்கிழமைதோறும் கரையின் ஐந்து இடங்களில் ஐந்து பேரும் நின்று, ஒருவரை ஒருவர் கேட்காமல் எண்ணி, ஆளுக்கொரு சீட்டில் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவர் பஸ் ஏறிப் போய்ச் சீட்டுகளை வாங்கிக்கொள்வார். பிறகு கரையில் உட்கார்ந்து, குஞ்சுகள் தின்று போட்ட நத்தை ஓடுகளைப் பொறுக்குவார். நத்தை ஓடு கைக்கெட்டும் தூரத்தில் கிடப்பது.

இரண்டு பருவங்களில் முப்பத்திரண்டு சனிக்கிழமைகள். நூற்று அறுபது சீட்டுகள்.

சூடாமணி தினமும் ஏழு பக்கம் எழுதினாள். ஏழாவது பக்கத்தின் நடுவில் கை வலித்தது. அதைக் குறித்து வைத்துக்கொண்டாள். நாற்பத்தெட்டாம் பக்கத்தில், "கிராமத்துப் பிள்ளைகளின் பார்வையில் உள்ள ஒற்றுமை வியக்கத்தக்கது. நகரத்துப் படித்தவர்களிடம் இதை எதிர்பார்க்க இயலாது" என்று இங்கிலீஷில் இருந்தது. ஓரத்தில், ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய சென்னைப் புரபசர் சிவப்பு மையில் "பிரமாதம்" என்று எழுதியிருந்தார்.

அறுபத்திரண்டாம் பக்கத்தில் அட்டவணை வந்தது. முதல் வரிசையில் 43, 43, 43, 43, 43. அடுத்ததில் ஐந்து 47. அதற்கடுத்ததில் ஐந்து 52. கடைசி வாரம் ஐந்து 118.

அவள் பேனாவை வைத்தாள். இப்படி ஓர் அட்டவணையை அவள் முன்பே பார்த்திருந்தாள். அவளுடைய நாலாம் வகுப்பில், பெருக்கல் கணக்குப் போட்டு முடித்து நாற்பது சிலேட்டுகள் உயரும்போது, தப்பான விடைகூட நாற்பதிலும் ஒன்றாகவே இருக்கும்.

மறுவாரம், நாரை பார்க்க வேண்டும் என்றாள் சீதாலட்சுமியிடம்.

"உனக்கும் தொத்திக்கிருச்சா?" என்றாள் அவள். ஆனாலும் சனிக்கிழமை இருவரும் மேலூர் பஸ்ஸில் போனார்கள்.

கரையில் ஐந்து இடத்தில் ஐந்து பேர் நிற்கவில்லை. மடைக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் ஐந்து பேரும் நின்றார்கள். நடுவில் நின்றவன் விருமாண்டி, வகுப்புச் சட்டாம்பிள்ளை. வாத்தியார் இல்லாத நேரத்தில் வகுப்பைக் கட்டி மேய்ப்பவன். கண்மாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நூத்து இருபத்தொண்ணு" என்றான். நான்கு பென்சில்கள் எழுதின.

"அவங்கவங்களே எண்ணலையா தம்பி?" என்று கேட்டாள் சூடாமணி.

"நான் எம்புட்டுச் சொல்றேனோ அம்புட்டுத்தான் டீச்சரம்மா எழுதணும். மாத்தி எழுதுனா அடிப்பேன்ல?"

"நீ எண்ணினியா?"

"மொத ரெண்டு வாரம் எண்ணுனேன். கூடுன வாரம் சாருக்கு மொகமெல்லாம் சிரிப்பு. அதான் வாராவாரம் கொஞ்சங் கொஞ்சமா ஏத்திவிட்டேன். பாவம், மதுரைல இருந்து வாராரு."

சத்தம் கேட்டு அந்தப் பிள்ளைகளின் வாத்தியார் பால்பாண்டி வந்தார். விஷயத்தைக் கேட்டு அவர் வருத்தப்பட்டது வேறொன்றுக்காக.

"அஞ்சு பேரும் அஞ்சு விதமா எழுதுனா, நாலு பேராவது தப்புன்னுதானேம்மா அர்த்தம்? வெளியூர்லருந்து படிச்சவரு வந்து பார்க்கையில எங்க பள்ளிக்கூடத்து மானம் என்ன ஆகுறது? நாந்தான் விருமாண்டிகிட்ட, ஒண்ணுபோல இருக்கணும்டான்னு சொல்லிவச்சேன்."

அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. சூடாமணியும் சீதாலட்சுமியும் கரையை ஒரு சுற்றுச் சுற்றித் தனித்தனியாக எண்ணினார்கள்.

"எழுபத்தொண்ணு" என்றாள் சூடாமணி.

"எனக்கு அறுபத்தாறு வந்துச்சு" என்று சீதாலட்சுமி கொஞ்சம் யோசித்தாள். "நீ கணக்கு டீச்சரு. நானும் எழுபத்தொண்ணுன்னே வச்சுக்கிறேன்."

மாசி பிறந்து எட்டாம் நாள் நல்ல பிரதியை எடுத்துக்கொண்டு சூடாமணி செல்லூருக்குப் போனாள். சௌரிராஜன் பக்கங்களைப் புரட்டி அறுபத்திரண்டில் நின்றார். தலைப்பும் கோடுகளும் இருந்தன. கட்டங்கள் காலி.

"அட்டவணை எங்க டீச்சர்?"

"எழுதலை சார்."

"கை வலிச்சதா?"

"இல்லை. நூத்தறுபது நம்பர் தேவையில்லை. முப்பத்திரண்டு போதும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் பார்த்ததையும் கேட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவள் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியதை அந்த வீட்டில் யாரும் அதுவரை கேட்டதில்லை. கடைசியில், "அந்த முப்பத்திரண்டுலயும் ரெண்டுதான் எண்ணினது சார்" என்றாள்.

அவர் கேட்டது ஒன்றுதான். "என் மொகமா சிரிச்சுது?"

"அபூர்வமாச் சிரிக்கும்" என்றாள் சீதாலட்சுமி.

எப்படியும் சமர்ப்பித்துவிடலாம், சென்னையில் யாருக்கும் தெரியப்போவதில்லை. இதை மூவரும் அறிவார்கள். யாரும் சொல்லவில்லை. அடுத்த நாள் அவர் புரபசருக்கு ஒரு கார்டு போட்டார். புரபசர் வருத்தம் தெரிவித்து ஒரு கார்டு போட்டார். ஜூன் மாதம் அந்தக் கல்லூரி வேலை, தவளையின் காதைப் பற்றி எழுதிய ஒருவருக்குப் போனது.

நூற்று அறுபது சீட்டுகளையும் சௌரிராஜன் தூக்கிப் போடவில்லை. நாரையைப் பற்றி அவை பொய்தான். பிள்ளைகளைப் பற்றி அவற்றில் ஒரு பொய்யும் இல்லை என்றார். அடுத்த சில வருஷங்கள், மதுரையைச் சுற்றியுள்ள பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு முன்னால் புளியங்கொட்டைகளைப் பரப்பி எண்ணச் சொன்னார், சட்டாம்பிள்ளையை உள்ளே வைத்து ஒருமுறை, வெளியே அனுப்பி ஒருமுறை. சட்டாம்பிள்ளை வெளியே போனால் பிள்ளைகள் வாத்தியாரின் முகத்தைப் பார்த்தார்கள். வாத்தியாரும் போனால் சௌரிராஜனின் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு அவர் திரைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். கல்வி உளவியலில் அதை எழுதி முடிப்பதற்குள் யுத்தம் வந்து, காகிதத்துக்கும் பஞ்சம் வந்தது. 1943இல் பட்டம் கிடைத்தது. அதே பள்ளியில் அதே சயின்ஸ் வகுப்பில் அவர் இருந்தார். அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு தலைமையாசிரியர் மட்டும் அதைப் படித்துவிட்டுச் சட்டாம்பிள்ளை முறையை எடுத்துவிட்டார். மூன்றாம் நாள் சத்தம் தாங்காமல் திரும்ப வைத்தார்.

அந்த ஆராய்ச்சிக்கும் நல்ல பிரதி எழுதியது சூடாமணிதான். ஆனால் அவளிடம் கேட்டால், முதல் பிரதியைக் கொண்டுபோன மாலையைத்தான் சொல்வாள். அவள் கிளம்பிப் படியிறங்கிவிட்டாள். சௌரிராஜன் வாசல்வரை வந்து, செருப்பைத் தேடுபவர்போலக் கீழே பார்த்துக்கொண்டு நின்றார். செருப்பு காலில்தான் இருந்தது.

"டீச்சர், வர்ற ஞாயித்துக்கிழமை நானே போய் எண்ணலாம்னு இருக்கேன். எவ்வளவு தப்பா வருதுன்னாவது தெரியட்டும். நீங்களும் சீதாவும் வந்து எதிர்க்கரையில நின்னு எண்ணணும்."

"வர்றேன் சார்."

"இன்னொண்ணு. நான் வாய் தவறி என் நம்பரை முதல்ல சொல்லிட்டாலும், நீங்க உங்க நம்பரை மாத்தக் கூடாது."