மாமி வீட்டுக்குக் கப்பலேறின கம்ப்யூட்டர்

சில வருஷத்துக்கு முன்னாடி, ஷார்ஜாவுல நாங்க குடியிருந்தப்ப நடந்த கூத்து இது. எனக்கு துபாய் தேராவுல மொபைல் கடை. கடையை விட்டா ஒரே ஒரு கிறுக்கு, பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களைச் சேர்க்கிறது. கீபோர்டுக்குள்ளேயே மொத்த மூளையும் இருக்கும், டிவியில சொருகினா ஓடும், அந்தக் காலத்து ஜாதி. "ஊருல கலெக்டர் மாப்பிள்ளை கிடைச்சா பெருமை. எனக்கும் கலெக்டர்தான் வாய்ச்சிருக்கு, குப்பை கலெக்டர்"னு என் வீட்டுக்காரி சொல்லாத நாள் கிடையாது.

நான் ரொம்ப நாளாத் தேடினது அரபு எழுத்து போட்ட ஒண்ணு. எண்பதுகள்ல இங்கே பிள்ளைங்களுக்கு ஆசையா வாங்கிக் கொடுத்தது. கடைசியில அஜ்மான்ல ஒரு அரபிப் பெரியவர்கிட்ட கிடைச்சது. காசு வேண்டாம்னுட்டார். அரைகுறை இந்தியில ஒரே ஒரு கண்டிஷன் போட்டார்: அலமாரியில பொம்மை மாதிரி உட்கார வைக்கக் கூடாது, ஓட்டிக்கிட்டே இருக்கணும். "இன்ஷா அல்லாஹ்"னு அவர் கையைப் பிடிச்சு வாக்குக் கொடுத்தேன்.

அந்த வாரம்தான் கொழுந்தியா கல்யாணத்துக்காக ஊருக்குக் கார்கோ போடுற வேலை. வீடு முழுக்க அட்டைப்பெட்டி. கம்ப்யூட்டருக்கு அடிபடக் கூடாதேன்னு நானும் அதைப் புதுப் போர்வையில சுத்தி, ஒரு பெட்டியில போட்டு, பெட்ரூம் ஓரமா வச்சேன். பெருக்கும்போது என் வீட்டுக்காரி அதை ஹாலுக்குத் தள்ளியிருக்கா. எனக்குத் தெரியாது.

கார்கோக்காரங்க வந்தப்ப நான் கடையில. "மச்சான், எந்தெந்தப் பெட்டி?"ன்னு போன் பண்ணினா. எதிர்ல கூட்டம். "ஹால்ல இருக்கிறது எல்லாம் கலாஸ், தூக்கச் சொல்லு"ன்னேன். கலாஸ்னா இங்கே முடிஞ்சதுன்னு அர்த்தம். கட்டி முடிச்சாச்சுங்கிற நினைப்புல சொன்னேன். வீட்டுக்கு வந்து பார்த்தா கம்ப்யூட்டர் பெட்டியும் சேர்ந்து போயிருச்சு, நிஜமாவே கலாஸ்!

கார்கோ ஆபீசுக்கு ஓடினேன். "கண்டெய்னர் ஜெபல் அலி துறைமுகத்துக்குப் போயிருச்சு பாய்"னு கையை விரிச்சுட்டாங்க. நாப்பது வருஷத்துப் பிளாஸ்டிக், அது மேல எத்தனை மூட்டை ஏறுமோ! "கல்யாணப் பொண்ணே காணாமப் போன மாதிரி ஏன் மூஞ்சியைத் தொங்கப் போடுறீங்க?"ன்னு அவ கேலி பண்ணினா. எனக்கோ அந்தப் பெரியவர் முகம்தான் கண்ணுக்குள்ள நின்னுச்சு.

பெட்டி ஊர் போய்ச் சேர்ந்த அன்னைக்கு மாமி, அதான் என் மாமியார், போன் பண்ணினாங்க. "மாப்புள, பிள்ளையளுக்கு குர்ஆன் ஓதப் படிக்க மிசின் அனுப்பியிருக்கியளே! அல்லா உங்களுக்கு பரக்கத் செய்வான்!"

நடந்தது என்னன்னா, அலிஃப், பேன்னு அரபு எழுத்தைப் பார்த்ததும் மாமி முக்காட்டை இழுத்து விட்டு, பிஸ்மி சொல்லி, வெள்ளைத் துணியில சுத்தி, உசர அலமாரியில ஏத்திட்டாங்க. தொழுகைக்கு மாதிரி கை கால் கழுவி ஒளு செய்யாம எவனும் தொடக் கூடாதுன்னு உத்தரவு வேற. கல்யாண வீட்டு வாண்டுகள் கையில சிக்காமத் தப்பிச்சதே பெரிசுன்னு, உண்மையைச் சொல்லாம வாயை மூடிக்கிட்டேன்.

கல்யாணத்துக்குப் போனப்பதான் மெல்ல விஷயத்தை உடைச்சேன். "விளையாட்டுச் சாமானுக்கா நான் தினம் ஒளு செஞ்சுக்கிட்டுத் தூசி தட்டினேன்?"னு மாமி கேட்க, வீடே சிரிச்சுச்சு. பழைய டிவியில சொருகி சுவிட்சைப் போட்டேன். திரை நீலமா எரிஞ்சுச்சு. அல்ஹம்துலில்லாஹ்! எனக்குக் கண்ணே கலங்கிருச்சு.

மாமி அலிஃபை அமுக்கினாங்க. திரையில அலிஃப் வந்துச்சு. அப்புறம் அவங்களை நிறுத்த முடியலை. எங்க ஊர்ப் பக்கம் முந்தின தலைமுறைப் பொம்பளைங்க தமிழை அரபு எழுத்துல எழுதுவாங்க, அரபுத்தமிழ்னு பேர். மாமிக்கு அது அத்துப்படி. தேடித் தேடி அடிச்சவங்க பாதியில கோபமா நிமிர்ந்தாங்க. "என்ன மாப்புள, 'ப'னாவும் இல்ல, 'ட'னாவும் இல்ல! ஓட்டை மிசினை உங்க தலையில கட்டிட்டானா அந்த அரபி?"

அரபியில அந்த எழுத்துகளே கிடையாதே! இருக்கிறதை வச்சு ஒப்பேத்தினாங்க. நான் எழுத்துக்கூட்டி வாசிச்சேன்: "ஸாஃபித்தியலா மாஃபில்லை?"

சாப்பிட்டியளா மாப்பிள்ளைன்னு கேக்கிறாங்களாம். வளைகுடாவுல மாஃபின்னாலே இல்லைன்னு அர்த்தம். "மாஃபி ஒரு இல்லை, அப்புறம் இன்னொரு இல்லை. உங்களை ரெண்டு தடவை இல்லாம ஆக்கிட்டாங்க எங்க உம்மா"ன்னு என் வீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரிச்சா.

லீவு முடிஞ்சு கிளம்பும்போது அதைக் கட்டப் போனேன். மாமி கீபோர்டைத் துடைச்சுக்கிட்டே நின்னாங்க. எனக்கு மனசு வரலை, விட்டுட்டு வந்துட்டேன். இப்பவும் தினம் ஒரு வரி அடிப்பாங்க, கொழுந்தியா அதைப் படம் பிடிச்சு எங்களுக்கு அனுப்புவா.

அதுல ஒரு படத்தை அஜ்மான் பெரியவர்கிட்ட காட்டினேன். எழுத்தெல்லாம் எங்களது, ஒரு வார்த்தை கூடப் புரியலையேன்னு முழிச்சார். மாமியார் சாப்பிட்டீங்களான்னு கேக்கிறாங்கன்னு அர்த்தம் சொன்னேன். "சாப்பிட்டேன்னு சொல்லு"ன்னு சிரிச்சார். என் அலமாரியில இருந்திருந்தா மாசத்துக்கு ஒரு தடவை தூசிதான் தட்டியிருப்பேன்; நான் கொடுத்த வாக்கை இன்னிக்கு வரைக்கும் காப்பாத்துறது என் மாமிதான்.