நல்ல தண்ணி

1. கண் உயரம்

முப்பது வருடத்துக்கு மேலான தச்சு வேலையில் எத்தனையோ கதவு, கட்டில், அலுமாரிக்கு அளவு எடுத்திருக்கிறேன். படுத்திருக்கும் ஒரு மனிதனின் கண்ணுக்கும் நிலத்துக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்தது ஒரே ஒரு முறைதான். அது மன்னார்த் தீவின் பள்ளிமுனையில், பெனடிற் வீட்டில்.

நான் நானாட்டான் ஆள். வயல்காரக் குடும்பம். தொழில் பழகியது தமிழ்நாட்டு அகதி முகாமில். திரும்பி வந்து பள்ளிமுனையில் பட்டறை போட்ட பிறகு எல்லோருக்கும் நான் ஓடாவியார். மரத்தைத் தட்டிப் பார்த்து அதன் வயது சொல்வேன். கடலைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாயை மூடிக்கொள்வேன்.

பெனடிற் எனக்கு அடுத்த ஒழுங்கையில் இருந்தார். இருபது வருடம் சுழியோடி. சங்கு, கடலட்டை என்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு அடிக்கு இறங்கியவர். ஒருநாள் ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்துவிட்டார். அப்படி வந்தால் இரத்தத்தில் குமிழ் கட்டி நரம்பைக் கெடுத்துவிடும். அன்றோடு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. நான் போனபோது அவர் கட்டிலோடு கிடந்து நாலு வருடம்.

"ஓடாவியார், ரெண்டடிக் கண்ணாடித் தொட்டி ஒண்டுக்கு ஸ்ராண்ட் செய்யோணும். உள்ளுக்குக் கடல் தண்ணி" என்றார்.

"மீன் வளக்கவோ?"

"ஒரு மீனும் ஒரு றாலும். வேற ஒண்டும் வேண்டாம்."

விரல் நீள மீனும் விரல் நீள இறாலும் மண்ணுக்குள் ஒரே வளையில் குடியிருக்குமாம். இறாலுக்குக் கண் பார்வை குறைவு. அதன் வேலை மண்ணை அள்ளி வெளியே தள்ளுவது. மீனின் வேலை வாசலில் நின்று காவல் பார்ப்பது. இறால் தன் மீசையை மீனின் மேல் வைத்தபடியே வேலை செய்யும். ஆபத்து என்றால் மீன் வாலை ஆட்டும், இறால் உள்ளே ஓடிவிடும்.

"நீங்கள் என்னோட பகிடி விடுறீங்கள்" என்றேன்.

"சத்தியமா. எத்தினையோ தரம் கண்டனான். ஆனா கீழ போனா சங்கைத்தானே தேடுறது? நிண்டு பாக்க நேரமில்லை. இப்ப என்னட்ட நேரம் மட்டும்தான் கிடக்கு."

நான் அளவு ரேப்பை எடுத்துத் தொட்டியின் நடுப்பகுதி அவர் கண்ணுக்கு நேரே வரும்படி கணக்குப் போட்டேன். டிவி ஸ்ராண்டுக்கு அப்படித்தான் செய்வோம். பெனடிற் தலையணையில் கன்னத்தை வைத்தபடியே கையை ஆட்டி மறித்தார்.

"நடு வேண்டாம். மண் மட்டம் என்ர கண்ணுக்கு வரோணும். வாசல் அங்கதான் இருக்கு."

கண்ணுக்கு இருபத்துநாலு அங்குலம். மூன்று அங்குல மண்ணைக் கழித்து, அடியில் வைக்கும் பலகையையும் கழித்தால் ஸ்ராண்டுக்கு இருபது அங்குலம். இப்படி ஓர் அளவை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த மீனையும் இறாலையும் நினைத்துச் சிரித்துக்கொண்டே போனேன்.

2. எழும்பாத ஆளுக்கு ஒரு கதிரை

பெனடிற்றின் மனைவி றெஜினா இரும்பில் செய்தால் லேசாக முடியும் என்றா. நான் அவவுக்கு அவவின் யன்னல் கம்பியையே காட்டினேன். உப்புக் காற்று தின்று பொருக்குப் பொருக்காக உரிந்திருந்தது. முற்றின பனையில் செய்வது என்று முடிவாயிற்று. பனை பொல்லாத மரம். முதலில் துளை போடாமல் ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். ஆனால் ஈரத்துக்கும் உப்புக்கும் அசையாது.

இளம் ஓடாவிமாருக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எழுபது லீற்றர் கடல் தண்ணீர் எழுபது கிலோவுக்கு மேல் வரும். கண்ணாடி, மண், கல் எல்லாம் சேர்த்தால் நூறைத் தாண்டும். ஒரு தடித்த ஆள் வந்து குந்தி, இரவு பகல் எழும்பாமலே இருக்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு கதிரை செய்ய வேண்டும்.

நான் அப்படி நினைக்கவில்லை. சாதாரண மேசைக்குச் செய்கிற மாதிரி கால்களின் பக்கவாட்டில் சட்டங்களை வைத்து ஸ்குரு முடுக்கினேன். பார்க்க வடிவாக இருந்தது. நானாட்டானிலிருந்து வந்த இரண்டு மூடை அரிசியை அதன்மேல் ஏற்றி இரண்டு நாள் விட்டேன். இரண்டாம் நாள் ஒரு மூலை ஓர் ஆணியின் தடிப்புக்கு இறங்கி இருந்தது. பாரம் முழுவதும் ஸ்குருவில் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் கழற்றி, சட்டங்கள் கால்களின் தலையில் உட்காரும்படி வெட்டிப் பொருத்தினேன். பாரத்தை மரம் மரத்துக்குக் கொடுக்க வேண்டும். ஸ்குரு விலகாமல் பிடித்தால் போதும். அரிசி மூடையைத் திரும்ப ஏற்றினேன், அசையவில்லை.

அடுத்த தொல்லை நிலம். கழுவின தண்ணீர் ஓடுவதற்காக அந்த அறையின் சீமெந்து வாசல் பக்கம் சரிந்திருந்தது. தண்ணீர் நிரப்பிய ரியூபைப் பிடித்து மட்டம் பார்த்து, இரண்டு கால்களுக்குக் கீழே தேக்குச் சீவலைச் செருகினேன். பலகைக்கு மேலே, மீன் பெட்டி செய்கிற வெள்ளை றிஜிபோமில் ஒரு தட்டு வைத்து, அதன்மேல் தொட்டியை இறக்கினோம். தொட்டியில் தண்ணீர் நிறைந்ததும் குனிந்து விளிம்பைப் பார்த்தேன். தண்ணீரே மட்டம் காட்டிவிடும், ஓடாவி ஒன்றையும் ஒளிக்க முடியாது. விளிம்பு நேராக நின்றது.

3. மீன் இல்லாத மாதம்

றெஜினாவின் தம்பி கரையிலிருந்து தள்ளிப் போய்க் கான்களில் கடல் தண்ணீர் அள்ளி வந்தார். மண்ணும் கல்லும் வந்தன. காற்று விடும் பம்பும் சின்ன பில்டரும் ஓடத் தொடங்கின. மீனை எப்போது விடுவீர்கள் என்று கேட்டேன்.

"ஒரு மாதம் போகோணும்."

"ஒரு மாதமா? வெறும் தண்ணியையோ பாத்துக்கொண்டு இருக்கப் போறீங்கள்?"

"வீடு குடிபூர முந்திச் சுவரைக் காய விடுறேல்லையோ? தண்ணியும் பழகோணும். நான் போனில வீடியோவெல்லாம் பாத்திட்டன்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் வேலைக்குப் போகும்போது ஒருதரம், வரும்போது ஒருதரம் எட்டிப் பார்க்கப் பழகிவிட்டேன். முதலில் தண்ணீர் கலங்கியது. பிறகு கண்ணாடியில் மண்ணிறமாய் ஒரு படலம். அது போய்ப் பச்சை. வெறும் கல் என்று நான் நினைத்ததிலிருந்து ஒருநாள் கடுகளவு நத்தை இறங்கி வந்தது. இன்னொரு நாள் நூல் மாதிரி ஒரு கை நீண்டு எதையோ தடவிவிட்டு உள்ளே போனது. அது என்ன என்று பெனடிற்றுக்கும் தெரியவில்லை. இருவரும் அதைப் பற்றி ஒரு கிழமை வாதாடினோம்.

மாதம் முடிந்து தம்பி ஒரு போத்தலில் மீனையும் இன்னொரு போத்தலில் இறாலையும் கொண்டுவந்தார். விட்டு ஒரு மணித்தியாலம் இருக்காது, இறால் கல்லின் அடியில் தோண்டத் தொடங்கியது. மீன் வந்து வாசலில் நின்றது. மீசை மீனின் வாலைத் தொட்டுக்கொண்டிருந்தது. பெனடிற் சொன்னதில் ஒரு சொல்லும் பகிடி இல்லை! ஸ்ராண்டின் உயரம் படுத்திருப்பவருக்கு என்றபடியால் நான் நிலத்தில் குப்புறக் கிடந்து பார்த்தேன். அன்றைக்கு முடிக்க வேண்டிய கதவு முடியவில்லை.

4. நல்ல தண்ணி

சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கிய நேரம் பெனடிற்றைக் கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காலுக்கு இன்னும் ஏதாவது செய்ய முடியுமா என்று பார்க்க. நாலு நாளில் திரும்புவதாகத் திட்டம். வீட்டைப் பூட்டித் திறப்பை றெஜினா என்னிடம் தந்தா. வாகனத்தில் ஏற்றும்போது பெனடிற் தொட்டிக் கண்ணாடியில் கீறியிருந்த கோட்டைப் பற்றித்தான் சொன்னார்.

"தண்ணி அந்தக் கோட்டுக்குக் கீழ வந்தா நல்ல தண்ணி விடுங்கோ. அள்ளி ஒரு நாள் வைச்சிட்டு விடுங்கோ."

"ஓம் ஓம், நான் பாக்கிறன். நீங்கள் போயிட்டு வாங்கோ."

எங்கள் தீவில் நல்ல தண்ணி என்றால் குடிதண்ணீர். சின்னப் பிள்ளைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தபடியால்தான் பிழை விட்டேன். குடிக்கிற தண்ணீரைக் கொண்டுபோய் யாராவது கடல் மீனுக்கு ஊற்றுவார்களா? மனிசன் அவசரத்தில், தெளிந்த நல்ல கடல் தண்ணீர் என்பதைச் சுருக்கிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு நாள் வைப்பது மண் அடைவதற்கு. எல்லாம் பொருந்தி வந்தது.

நாலு நாள் பதினாறு நாளாகியது. யன்னலால் வந்த காற்றில் தொட்டித் தண்ணீர் நாளுக்கு ஒரு லீற்றருக்கு மேல் குறைந்தது. றெஜினாவின் தம்பியிடம் சொல்லி வெளிக்கடலில் நீலமாய் இருக்கும் தண்ணீரை அள்ளுவித்தேன். மீனுக்குத்தானே என்று அவரும் காரணம் கேட்கவில்லை. ஒரு நாள் அடைய வைத்து, துணியால் வடித்து ஊற்றினேன். தொட்டி விளிம்பில் வெள்ளையாய்ப் படிந்ததைத் தூசி என்று நினைத்துத் துடைத்தேன். என்னை விடக் கவனமாக ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று பெருமை வேறு.

பெனடிற் ஒவ்வொரு நாளும் போன் எடுப்பார். கேட்பது ஒன்றுதான். "மண் வருதா?" வளையிலிருந்து இறால் மண் தள்ளுகிறதா என்று அர்த்தம். பதினாலாம் நாள் வரை வந்தது. பிறகு நின்றுவிட்டது. இறாலைக் காணவில்லை. மீன் மட்டும் வாசலில் நின்று வேகம் வேகமாக மூச்சு வாங்கியது.

பதினைந்தாம் நாள் போனில் அவர் குரல் தணிந்திருந்தது.

"காலுக்கு இனி ஒண்டும் செய்யேலாதாம், ஓடாவியார். சொல்லிப்போட்டினம். அது கிடக்கட்டும். மண் வருதா?"

நான் பொய் சொன்னேன். "ஓம், வருது" என்றேன். போனை வைத்த பிறகு தொட்டிக்கு முன்னால் நிலத்தில் அப்படியே இருந்தேன். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அந்த மனிதனுக்கு இனி மிச்சம் இருப்பது இது ஒன்றுதான், அது என் பொறுப்பில் சாகிறது, ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் வந்து இறங்கினார். கட்டிலில் கிடத்தியதும் தொட்டிப் பக்கம் திரும்பினார். வாசலைப் பார்த்தார். மீனைப் பார்த்தார். கையை நீட்டி ஒரு விரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்தார்.

"இது கடல் இல்லை. உப்பளம். என்ன தண்ணி விட்டனீங்கள்?"

"நல்ல தண்ணிதான். வெளிக்கடலில அள்ளின, தெளிஞ்ச நல்ல தண்ணி."

றெஜினா வாயில் கையை வைத்தா. பெனடிற் ஈர விரலைப் போர்வையில் துடைத்துவிட்டுச் சொன்னார்.

"உப்புப் பறக்காது, ஓடாவியார். தண்ணிதான் பறக்கும். பறந்த தண்ணிக்குப் பதில் தண்ணிதான் விடோணும். நீங்கள் திரும்பத் திரும்ப உப்பையெல்லோ விட்டிருக்கிறியள்."

மன்னார் உப்பளத்தில் கொட்டில் போட்டுக் கொடுத்தவன் நான். பாத்தியில் கடல் தண்ணீரை விடுகிறார்கள், வெயிலும் காற்றும் தண்ணீரைக் கொண்டுபோகின்றன, உப்பு கிடக்கிறது. ஒரு மாதம் கூரையில் நின்று அதைத்தான் பார்த்தேன். அதையே இந்த வீட்டுக்குள் செய்துகொண்டிருந்தேன், விளிம்பில் விளைந்த உப்பைத் துணியால் துடைத்துக்கொண்டு.

"இன்னுமொண்டு" என்றேன். "மண் வருது எண்டு சொன்னது பொய். ரெண்டு நாளா வரேல்லை."

"தெரியும்" என்றார். "முந்தின நாளெல்லாம் எவ்வளவு வந்தது, எந்தப் பக்கம் தள்ளினது எண்டு கதை கதையாச் சொன்னனீங்கள். நேற்று ஒரு சொல்லில முடிச்சுப்போட்டியள்."

ஒரேயடியாக நல்ல தண்ணியை ஊற்றினால் அதுவும் கொன்றுவிடும், மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும் என்றார். றெஜினா அலுமாரியிலிருந்து பாவிக்காத சேலைன் குழாய் ஒன்றை எடுத்தா. தொட்டியிலிருந்து கொஞ்சம் அள்ளிவிட்டு, குளோரின் போக ஒரு நாள் வைத்த குடிதண்ணீரைப் போத்தலில் தொங்கவிட்டுச் சொட்டுச் சொட்டாக இறக்கினோம்.

"உலகத்திலேயே உப்பில்லாத சேலைன் ஏத்தினது நாங்கள்தான்" என்று றெஜினா சிரித்தா. பெனடிற் சிரிக்கவில்லை. மண் மட்டத்தில் கண்ணை வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தார். இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை என்று றெஜினா சொன்னா.

மூன்றாம் நாள் காலையில் பட்டறையில் பலகை சீவிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"மண் வருது."

"எனக்காகச் சொல்லாதேங்கோ" என்றேன். "நான் செய்த பிழையை நான் தாங்கிறன்."

"ஓடாவியார், வந்து பாருங்கோ."

பட்டறைக் கதவைப் பூட்டினேனா என்றுகூட நினைவில்லை. போய் நிலத்தில் படுத்துப் பார்த்தேன். வாசலில் மீன். அதற்குப் பின்னால் முதலில் இரண்டு மீசை, பிறகு ஒரு சிறு குவியல் மண்ணைத் தள்ளிக்கொண்டு இறால். மண்ணைக் கொட்டியது, திரும்பியது, உள்ளே போனது. இன்னொரு குவியலோடு வந்தது. பெனடிற்றின் மூச்சு என் தலைக்கு மேலே கேட்டது. அவர் அழுதுகொண்டிருந்தார். நானும்தான்.

அதற்குப் பிறகு என் வேலையில் ஒரு வழக்கம் மாறியது. வாடிக்கையாளர் சொன்ன அளவோ சொல்லோ எனக்குப் பிழையாகப் பட்டால், முன்பெல்லாம் மனதுக்குள் திருத்திக்கொண்டு வெட்டத் தொடங்குவேன். இப்போது மரம் அறுக்கும் வாளைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் அப்பிடி?" என்று கேட்கிறேன். சிலர் எரிச்சல்படுகிறார்கள். படட்டும். அன்றைக்கு வாகனத்துக்குப் பக்கத்தில் நின்று, "கடல் மீனுக்கு நல்ல தண்ணியோ?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்காமல், ஒரு மனிதனுக்கு மிஞ்சியிருந்த எழுபது லீற்றர் கடலை உப்பளமாக்கப் பார்த்தேன்.