சம்பந்திக்குப் போட்ட இரண்டு

நரின் சந்தையில் தொப்பி விற்கிறவனுக்கு அவன் மைத்துனி சொன்னாளாம். அவளுக்குத் தலாஸிலிருந்து வந்த வேன்காரன் சொன்னானாம். ஆற்றோரப் பள்ளிக்கூடத்து இயற்பியல் வாத்தியாரம்மா, மகளுக்குக் கம்மல் போட வந்த சம்பந்திகளுக்குப் பச்சை இறைச்சியைப் பரிமாறிவிட்டு, "வெந்துவிட்டதாகக் கொள்க" என்றாளாம்.

இந்தப் பேச்சு வாத்தியாரம்மாள் ஜூராகானின் காதுக்கு வந்தபோது அவளுக்குக் கோபம் வந்தது இறைச்சியை நினைத்துத்தான். பஞ்சுபோல வெந்த இறைச்சி அது. எலும்பு கையோடு கழன்று வந்தது. உண்மையில் நடந்தது இதைவிட மோசம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஒரு தப்பான செய்தியைத் திருத்தாமல் விடுவது அவள் பிறவியிலேயே கிடையாது. நேரே தொப்பிக்காரனிடம் போனாள்.

"பச்சையா இருந்துதுன்னு யாரு சொன்னது? நல்லா வெந்துது. நான் சம்பந்தியம்மாவ பெயில் போட்டேன், அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு பேச்சு இன்னும் வேகமாகப் பரவியது.

ஜூராகானைப் பொறுத்தவரை உலகம் முழுக்கத் தப்பான விடைகள்தான். முப்பது வருஷமாக அவற்றைத் திருத்திக்கொண்டிருக்கிறாள். ஒரு கோடையில் சந்தையிலிருந்து ஐஸ்கிரீமைக் கணவனின் ஆட்டுத்தோல் கோட்டில் சுற்றி எடுத்து வந்தாள். அவளை எஜே, அதாவது அக்கா, என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரி பதறினாள்.

"ஐயோ எஜே, உருகிடும். கோட்டு சூடாச்சே."

"கோட்டு சூடு குடுக்குமா? அப்ப ஆணியில மாட்டி வெச்சா அறையே சூடாகணுமே. அது வெளிச் சூட்டை உள்ள விடாதும்மா, அவ்வளவுதான்."

பிரித்துக் காட்டினாள். ஐஸ்கிரீம் கல் மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "பாவம், பழசாயிடுச்சு. இதுல இருந்த சூடெல்லாம் போயிடுச்சு" என்றாள்.

இன்னொரு நாள் வேனில் போகும்போது ஓட்டுநரிடம் கேட்டாள். "வண்டி இவ்வளவு வேகமாப் போகுது. இந்த ஈ காத்துல பறந்துக்கிட்டே இருக்கு. ஏன் பின்கண்ணாடியில போய் மோத மாட்டேங்குது?"

"டிக்கெட் வாங்கியிருக்கும் எஜே."

கணவன் காதிர்குல் ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர். பெண் பார்க்க வந்த அன்று, பெரிய கல்லும் சின்னக் கல்லும் ஒன்றாகப் போட்டால் எது முதலில் தரையைத் தொடும் என்று அவரைக் கேட்டாள். "நீ எதைச் சொல்றியோ அது" என்றார். இன்றுவரை அவருடைய எல்லா விடையும் அதுதான். அவர்கள் குடும்பம் அப்படித்தான் ஓடுகிறது.

மகள் ஐபெரிக்கு தலாஸிலிருந்து நல்ல இடம் வந்தது. பையனின் அம்மா கிளாரா மருந்துக்கடை வைத்திருக்கிறாள். அவள் வந்து பெண்ணின் காதில் கம்மல் போட்டுவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். ஆடு அடித்தார்கள். நரின் இருக்கிற உயரத்தில் தண்ணீர் போதுமான அளவு சூடேறுவதற்கு முன்பே கொதிக்கத் தொடங்கிவிடும் என்பதால், ஜூராகான் விடியும்போதே கொப்பரையை ஏற்றினாள். கொதி வந்ததும் வறட்டிகளை வெளியே இழுத்துத் தீயைத் தணித்து, மூடியை அழுத்தி வைத்தாள். நாத்தனார் பாத்மா விறகோடு ஓடி வந்தபோது அவளைப் போர்சோக் மாவுத்துண்டுகளைப் பொரிக்க அனுப்பிவிட்டாள்.

மதியம் விருந்தினர்கள் வந்தார்கள். கை கழுவ முற்றத்துக்கு வந்த கிளாரா, அடுப்பைப் பார்த்து நின்றாள். பின்னால் அவள் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர்.

"தீ அணைஞ்சுபோச்சா சம்பந்தி?"

"இல்ல, இது போதும்."

"எங்களுக்கு இது போதும்ங்கறீங்க."

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் சிரித்துக்கொண்டே நாலு வறட்டியைத் தள்ளியிருப்பார்கள். ஜூராகானோ இதை ஆர்வமுள்ள ஒருத்தியின் சந்தேகம் என்று எடுத்துக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் அப்படிப்பட்டவர்கள் அதிகம் வந்ததில்லை.

"தண்ணி கொதிக்குது. இப்ப நான் தீயைக் கூட்டினா என்ன ஆகும்? யோசிச்சுச் சொல்லுங்க பாப்போம்."

கிளாரா பின்னால் நின்றவர்களை ஒரு பார்வை பார்த்தாள். "சீக்கிரம் வேகும்."

"தப்பு. கொதிக்கிற தண்ணி அதுக்கு மேல சூடாகாது. ஆவிதான் ஜாஸ்தியாப் போகும். உக்காருங்க, ரெண்டு."

ஐந்துக்கு இரண்டு மதிப்பெண், அதாவது பெயில். அந்த நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் அதன் அர்த்தம் தெரியும். முப்பது வருஷமாகத் தப்பான விடைக்குப் பின்னால் அவள் வாயில் வந்த சொற்கள், தாங்களாகவே வந்துவிட்டன. முற்றத்தில் உட்காருவதற்கு எதுவும் இல்லை.

"பள்ளிக்கூடத்துலயே எனக்கு யாரும் ரெண்டு போட்டதில்ல" என்றாள் கிளாரா, மெதுவாக.

தலைமை விருந்தாளிக்குரிய இடுப்பெலும்பை அவளுக்குத்தான் வைத்தார்கள். "நல்லா வெந்திருக்கு" என்று சொல்லி இரண்டு துண்டு சாப்பிட்டாள். கம்மல் பெட்டி கைப்பையை விட்டு வெளியே வரவில்லை. ஆசி சொல்லிக் கைகளை முகத்தில் ஒற்றி எழுந்தபோது, "பையனுக்கு இன்னும் வயசு இருக்கு, பாக்கலாம்" என்றாள்.

அன்றைக்கு ஐபெரி அழவில்லை. வெறுங்காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தொப்பிக்காரனின் கதை ஊரைச் சுற்றி வந்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"போன் பண்ணு அம்மா. தப்பு என்னுதுன்னு சொல்லு."

"எது தப்பு? தீ அளவு சரிதான்."

"ரெண்டு போட்டது?"

ஜூராகான் நேர்மையாக யோசித்துப் பார்த்தாள். "விடை தப்புதானே."

காதிர்குல் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "ஒரு மூணு போட்டிருந்தா அந்தம்மா பாஸாகியிருப்பாங்க. நமக்கும் கல்யாணச் செலவு வந்திருக்கும்."

"நீங்க சும்மா இருங்கப்பா" என்றாள் ஐபெரி. "அம்மா, இறைச்சி எப்ப வேகும்னு அவங்க கேக்கவே இல்ல. எங்களுக்காக நீங்க எரிக்கிறது இவ்வளவுதானான்னு கேட்டாங்க."

ஒவ்வொரு பரீட்சைக்கு முன்பும் பிள்ளைகளிடம் ஜூராகான் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு: கேள்வியை இரண்டு தடவை படி.

எழுந்து முற்றத்துக்குப் போனாள். கொப்பரை நிறையத் தண்ணீர் ஊற்றினாள். இறைச்சி ஒரு துண்டுகூட இல்லை. வறட்டியை அடுக்கினாள், அதன்மேல் விறகைப் போட்டாள். பாத்மா கேட்காமலேயே வந்து, மனசு குளிர ஊதிவிட்டாள். கொப்பரையின் விளிம்புக்கு மேலே தீ ஏறியது.

வாசலில் நின்று பார்த்த காதிர்குல் கேட்டார். "இது எதுக்கு?"

"ஒண்ணுக்கும் இல்ல. ஆவிதான் ஜாஸ்தியாப் போகும்."

முகம் தெரிகிற அழைப்புதான் வேண்டும் என்றாள். முதுகுக்குப் பின்னால் தீ முழுதாகத் தெரியும்படி இரண்டு அடி தள்ளி நின்றாள். ஐபெரி போனைப் பிடித்துக்கொண்டு எண்ணைத் தட்டினாள். ஜூராகான் புகையில் கண்ணைச் சுருக்கி, சொல்ல வேண்டியதை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டாள்: நான்தான் கேள்வியைச் சரியாப் படிக்கல சம்பந்தி. நான்தான் சரியாப் படிக்கல.

தலாஸில் மணி அடித்துக்கொண்டிருந்தது. பாத்மா இன்னொரு விறகை உள்ளே தள்ளினாள்.