ஒரு ‘இப்போதைக்கு’

நேற்று காலாப்பட்டு பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண் ஒரு ஜெர்மன் கடிதத்தின் மேல் செல்போனைக் காட்டினாள். எழுத்துகள் ஒருகணம் துடித்து ஆங்கிலமாகிவிட்டன. அவ்வளவுதான் வேலை! எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி வெயிலில் நடந்தேன்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, ஒரு காலத்தில் அதுதான் என் பிழைப்பு. ஊரே பிரெஞ்சு படித்தபோது நான் மாலை வகுப்பில் ஜெர்மன் படித்தேன். “பாண்டிச்சேரில பொறந்துட்டு இது எதுக்குடா?” என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். தையல்கடை மாடியில் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகம். பெரும்பாலும் தண்ணீர்ப் பம்புக் கையேடுகள். நாலைந்து சொற்களை ஒட்டிய ஒரே சொல் பாதி வரியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எங்கே வெட்டுவது என்று அகராதியோடு மல்லுக்கட்டுவேன். கீழிருந்து ஈரத்துணியில் இஸ்திரிப் பெட்டி ஓடும் வாசனை வரும். அந்த வாசனை வந்தால் இன்றும் கலாவின் ஞாபகம்தான்.

கலா, மூடிப்போன மில்லில் வேலை பார்த்தவரின் மகள், நர்ஸ். ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்துக்கு விண்ணப்பித்து, வந்த பதிலோடு மாடியேறி வந்தாள். பெயரும் ஊரும் சொல்லுமளவுக்குத்தான் அவளுக்கு ஜெர்மன் தெரியும். இப்படிக் கடிதம் வந்தால் நான் முதலில் ‘லைடர்’ என்ற சொல்லைத் தேடுவேன். ‘வருந்துகிறோம்’ என்பதற்கு அவர்கள் போடும் சொல். மூன்றாம் வரியில் இருந்தது. அவள் கடிதத்தைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘ஏற்க இயலாது’ என்பதற்கு முன்னால் ‘இப்போதைக்கு’ என்று நானாக ஒன்றைச் சேர்த்து ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கொடுத்தேன்.

“அப்ப மறுபடி கூப்பிடுவாங்களாண்ணா?”

“கூப்பிடலாம்மா.”

ஏதோ புண்ணியம் செய்தவன்போல அன்று மதியம் பிரியாணி சாப்பிட்டேன்.

எட்டு மாதம் கழித்து, அவளே மறுபடி எழுதிக் கேட்டதற்கு வந்த பதிலோடு நின்றாள். அதே மூன்றாம் வரி. இம்முறை உள்ளதைச் சொன்னேன்.

“போன லெட்டர்லயும் இப்படித்தான் இருந்துச்சா?”

“ஆமா.”

“அப்பவே சொல்லியிருந்தா கதிர்காமம் ஆஸ்பத்திரில கெடச்ச வேலய வுட்டுருக்க மாட்டேனேண்ணா. இவங்க கூப்பிடுவாங்கன்னுதான் வேணான்னுட்டேன்.”

சத்தம் போடவில்லை. பழைய கடிதத்தையும் எடுத்து மேசையில் வைத்தாள். “ஒவ்வொரு வார்த்தையா சொல்லுங்க. நானே எழுதிக்கறேன்.” சொன்னேன்; எழுதினாள். வெட்கத்தில் என்னால் நிமிரவே முடியவில்லை.

அலுவலகம் போய் அந்த மாடியில் ஜிம் வந்துவிட்டது. நேற்று நான் நடந்தது கலா இருந்த மில் குடியிருப்புக்குத்தான். வீடுகளே இல்லை, தகரவேலி போட்டிருக்கிறார்கள். எதிரே டீக்கடையில் விசாரித்தேன்.

“எந்தக் கலா? மில்லுக்காரங்க யாருமே இப்ப இங்க இல்லியே” என்றார் கடைக்காரர்.

இத்தனை வருடம் கழித்து மன்னிப்புக் கேட்கலாமென்றால், அவளுக்கு விலாசம் இல்லை.