வெயில் படாத எலும்பு

சிம்மக்கல்லில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கும்போது என் வலது மணிக்கட்டு உடைந்தது. ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்தேன் என்று யாரும் பெருமையாக நினைத்துவிட வேண்டாம். அது சமர்த்தாக நின்றுகொண்டுதான் இருந்தது. தலையில் வெயில் படுமுன் குடையை விரித்துவிடும் அவசரத்தில் கடைசிப் படியைக் கவனிக்கவில்லை. கையை ஊன்றி விழுந்தேன். குடைக்கு ஒன்றும் ஆகவில்லை.

குடை அம்மாவின் சட்டம். பள்ளிக்கூட விளையாட்டு விழா அன்றெல்லாம் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் நிறுத்திக்கொண்டவள் அவள். கறுத்துப்போனால் மாப்பிள்ளை கிடைக்காதாம். இத்தனைக்கும் நான் சிவப்பு இல்லை, மாநிறம். மாப்பிள்ளை கிடைத்து, கல்யாணம் முடிந்து, எனக்குத் தலை நரைக்க ஆரம்பித்த பிறகும் அவள் அந்தச் சட்டத்தை வாபஸ் வாங்கவில்லை. பசுமலையில் நான் பாடம் எடுக்கும் பள்ளியில் எனக்குக் 'குடை டீச்சர்' என்று பெயர்.

மாவுக்கட்டு போட்ட டாக்டர், ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து முகம் சுளித்தார். இந்தச் சின்ன விழுதலுக்கு எலும்பு உடைந்திருக்கவே கூடாது, விட்டமின் டி ரொம்பக் குறைவு, இப்படியே விட்டால் அடுத்தது இடுப்பு எலும்பாகக்கூட இருக்கலாம் என்றார்.

"வெயில்ல நடமாட்டம் உண்டாம்மா?"

என்னை முந்திக்கொண்டு அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஒரு பொட்டு வெயில் படாம வளத்தேன் சார்."

பாராட்டுக்குக் காத்திருந்தவளிடம் டாக்டர், "அதுவும் ஒரு காரணந்தாம்மா" என்றார்.

ஆட்டோவில் ஏறிய அம்மா பேசவே இல்லை. அவள் வாய் மூடி நான் பார்த்ததில்லை. பயமாக இருந்தது. வீடு இருக்கும் செல்லூர் நெருங்கும்போதுதான், "மதுரையில இருந்துக்கிட்டு வெயில் பத்தலைன்னா வெளிய சொல்ல முடியுமாடி?" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். என் கையைத் தானே உடைத்துவிட்டதாக நினைக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனாலும் எனக்கும் கொஞ்சம் கோபம் இருந்தது.

மறுநாளிலிருந்து மாத்திரை, பால், முட்டை, கேழ்வரகு என்று திணித்தாள். முற்பகல் வெயிலில் மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய், வற்றல் காயும் பாய்க்குப் பக்கத்தில் உட்கார வைத்து, இந்தப் பக்கம் திரும்பு, அந்தப் பக்கம் திரும்பு என்றாள். வற்றலைக்கூட யாரும் இத்தனை தடவை திருப்ப மாட்டார்கள். "வெரலை மடக்கி நீட்டுடி, டாக்டர் சொன்னாருல்ல" என்ற அதட்டல் வேறு.

அடுத்த மாடியில் துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டுக்காரி எங்களைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"என்னத்தே, பிள்ளையை இம்புட்டு வெயில்ல உக்கார வச்சிருக்கீக? கறுத்துராது?"

"கறுத்தாக் கறுக்கட்டும்த்தா. எனக்கு எம்மக முழுசா வேணும்" என்றாள் அம்மா.

பாவாடை சட்டை போட்ட வயதிலிருந்தே இந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்திருக்கிறேன் போல. பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. கண்ணைத் துடைக்கப் பழக்கதோஷத்தில் வலது கையைத் தூக்கினேன். மாவுக்கட்டு நேராக மூக்கில் இடித்தது.

"பாத்துடி, அதையும் ஒடச்சு வைக்காத" என்றாள்.