ஈயம் என்ற ஒரு சொல்

பெரிய எவர்சில்வர் பானையின் அடியில் பித்தளைக் குழாயைப் பொருத்தி, அத்தான் பற்றவைத்த வளையம் மினுங்கியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. தண்ணீர் நிரப்பிக் கொதிக்கவைத்து, விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பஸ்ஸை ஒரு கீறல் இல்லாமல் டிப்போவில் விட்டு வந்தவர்போல நிமிர்ந்து நின்றார்.

அத்தான் என் அக்காவின் கணவர். லண்டன் சவுத்தாலில் வீடு, பஸ் ஓட்டும் வேலை. வீட்டிலேயே பியர் காய்ச்சும் பித்து அவருக்கு ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் பிடித்தது. அதைவிடப் பழைய பித்து ஒன்றும் இருந்தது: வாசலுக்கு உள்ளே ஆங்கிலம் பேசக்கூடாது. இங்கேயே பிறந்த மகள் ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டால், தமிழில் கேட்கும்வரை காது கேளாதவர்போல இருப்பார். அவளும் பாவம், ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிப் பேசுவாள். அவளுடைய குழந்தையின் ஞானஸ்நானத்துக்குத் தன் கையால் காய்ச்சிய பியரைத்தான் ஊற்றுவேன் என்று அத்தான் கோயிலில் கண்டவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

பற்றவைத்த அன்று அவர் எடுத்த கவனத்தைக் குறை சொல்ல ஏலாது. தோட்டத்துக் கொட்டிலின் கதவையும் யன்னலையும் திறந்துவிட்டார். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குத் தடித்த உறை, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர். உலோகம் பிடிப்பதற்காகப் பூசிய அமிலத்தைப் பிறகு அப்பச்சோடா போட்டுக் கழுவினார். ரேடியோ திருத்தவென்று வைத்திருந்த, உருக்கிப் பற்றவைக்கும் கம்பிச் சுருளை எடுத்தபோதுதான், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசலில் நின்ற மகளிடம் கேட்டார். பொடி எழுத்து அவருக்குத் தெரியவில்லை. ரேடியோவுக்காக்கும் என்று நினைத்து அவள் வாசித்தாள், யோசித்தாள், போனில் தேடினாள். பிறகு, "ஈயம், அப்பா" என்றாள்.

அத்தானுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பித்தளைச் சட்டிக்கு ஈயம் பூசிச் சமைத்துச் சாப்பிட்டு வளர்ந்தவர்தானே. பக்கத்தில் நின்ற எனக்கும் வேறொன்றும் தோன்றவில்லை. சட்டிக்குப் பூசுவது வெள்ளீயம். அந்தச் சுருளில் பாதி காரீயம், நஞ்சு. பேச்சில் நாங்கள் முன்பாதியை விழுங்கிவிடுகிறோம். இரண்டும் ஈயம்தான்.

ஞானஸ்நானத்துக்கு முதல்நாள் துடைப்பம் எடுக்கக் கொட்டிலுக்குப் போன மகள், அந்தச் சுருளைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தாள். அத்தான் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்தார். பானைக்கும் இதைத்தானா பாவித்தீர்கள் என்று கேட்டாள். ஓம் என்றார். காரீயம் என்ற சொல் அவளுக்குத் தமிழில் வரவில்லை. "அப்பா, இட்ஸ் லெட். பொய்சன்." அன்றைக்கு அவர் தமிழில் சொல்லு என்று சொல்லவில்லை. எத்தனை கிளாஸ் குடித்துப் பார்த்தீர்கள் என்று அவள் அழுதபடி ஆங்கிலத்திலேயே கேட்டாள். அத்தான் தமிழில் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார்.

ஒரு கிளாஸால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, பேசாமல் கொடுங்கள் என்று நானே சொன்னேன். அத்தான் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. போத்தல் போத்தலாகக் கழிவறையில் ஊற்றினார். அடுத்த கிழமை மகளே அவரை இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனாள். நல்லகாலம், பயப்பட ஒன்றும் இருக்கவில்லை.

ஞானஸ்நான விருந்தில் கடைப் பியர்தான். உங்கள் பியர் எங்கே என்று எல்லோரும் கேட்டார்கள். கதை எப்படியோ கசிந்துவிட்டது. ஒருவர் சிரித்துக்கொண்டே, பிள்ளையின் தமிழ்தான் பியரைக் கவிழ்த்துவிட்டதாக்கும் என்றார். குழந்தையை வைத்திருந்த மகள் தலை குனிந்தாள்.

அத்தான் கிளாஸைக் கீழே வைத்தார். "பிள்ளை சரியாத்தான் சொன்னவ. அவ இங்கிலீசிலை சொல்லியிருப்பா, நான்தான் விடேல்லை" என்றார். பிறகு மகளிடம் போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டு, "இனி உனக்கு எது வாயிலை வருதோ அதிலை சொல்லு, அம்மா. நான் கேக்கிறன்" என்றார்.